உடலினுள் ஏற்றிய விளக்கு

இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி பெருகுங்கால், முற்காலத்தில் மருத்துவர்க்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, குருதியேற்றிக் காத்திருத்தல். மற்றொன்று, வயிற்றை அறுத்துக் கசியும் இடத்தைத் தேடுதல். இடம் கண்ணுக்குப் புலப்படாமையே பெருந்தடை. அத்தடை நீங்கிய வரலாறு, ஒளி உடலுக்குள் சென்ற வரலாறேயாகும்.

1806ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் பொசினி, மெழுகுவத்தி ஒளியை ஆடியில் எதிரொளிக்கச் செய்து உடற்புழைகளைக் காணும் கருவியைப் படைத்தார். 1868இல் அடோல்ப் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்தினார். குழாய் இரைப்பையை எட்டிற்று, ஒளியோ போதவில்லை. 1932இல் ருடோல்ப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயை அமைத்தார். அதற்கும் எட்டாத மூலைகள் இருந்தன.

1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், கண்ணாடி இழைக்கற்றை வளைந்தாலும் உருவத்தைக் கடத்தும் எனக் காட்டினர். அதனைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அகநோக்குக் கருவி செய்ய முனைந்தார். ஆனால், ஓர் இழையின் ஒளி அடுத்த இழைக்குக் கசிந்து உருவம் மங்கியது. ஒவ்வோர் இழைக்கும் வேறுவகைக் கண்ணாடியால் போர்வையிட்டு, 1956இல் அக்குறையைத் தீர்த்தவர் யார்? லாரன்ஸ் கர்டிஸ் என்னும் இளங்கலை மாணவரே! 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் அக்கருவியை முதலில் தம் தொண்டையில் செலுத்திப் பார்த்தார். பின்னரே நோயாளிக்குப் பயன்படுத்தினார்.

கண் சென்ற வழியே கையும் சென்றது. 1970களில் மருத்துவர்கள் அகநோக்குக் கருவியினூடே மின்சூட்டுக் கோலையும் லேசர் ஒளியையும் செலுத்திக் குருதியை உறையச் செய்தனர். குழாயைச் சுருக்கும் மருந்தை ஊசியால் ஏற்றும் முறையும் பரவிற்று. ஈரல் நோயால் உணவுக்குழாயில் புடைத்து வெடிக்கும் நாளங்களுக்கு, 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் கிரெக் ஸ்டீக்மன், மூலநோய்க்கு வழங்கிய ரப்பர் வளைய முறையைக் கையாண்டார். இன்று குருதிப்பெருக்குற்றோர் பெரும்பாலோர் வயிற்றை அறுக்காமலே பிழைக்கின்றனர்.

மெழுகுவத்தியிலிருந்து கண்ணாடி இழைக்கு வர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தார். இறுதி முடிச்சை அவிழ்த்தவர் ஒரு மாணவர். வகுப்பறையில் எழும் வினாவை அற்பமென ஒதுக்கும் ஆசிரியர், எந்த உயிர்காக்கும் விளக்கை அணைக்கிறோம் என்பதை அறியார். மாணவர்களே, வினவுங்கள்!