பெயரில் பொதிந்த நம்பிக்கை

அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அவ்வூரில் இருந்த சமணப் பள்ளி ஒன்றுக்கு, நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893இல் கொடை வழங்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகின்றது. அப்பள்ளியினரைச் 'சமணர்' என்றனர் தமிழர். 'சிரமண' என்னும் சொல்லின் திரிபு அது. தன்னை வருத்தி முயல்பவன் என்பது பொருள். 'ஜைனர்' என்றாலோ, புலன்களை வென்ற ஜினரின் வழி நிற்போர். இரு பெயர்களுமே அவர்தம் கொள்கையைச் சொல்லிவிடுகின்றன.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. 'இந்து' சிந்து நதியால் வந்த பெயர். 'பார்சி' பாரசீக நாட்டால் வந்தது. அவை மண்ணைக் காட்டுமேயன்றி மனத்தைக் காட்டா.

நம் நிலை என்ன? 'இஸ்லாம்' என்பதற்கு இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்று பொருள். அவ்வாறு ஒப்படைத்தவர் 'முஸ்லிம்'. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் மார்க்கத்தைக் குறிப்பிடுகையில், இறைவனே இப்பெயரைச் சூட்டியதாகத் திருக்குர்ஆனின் அல்ஹஜ் அத்தியாயம் (22:78) அறிவிக்கின்றது. ஊரோ குலமோ தனிமனிதரோ இப்பெயரில் இல்லை.

ஆனால், பிறர் நம்மை அழைத்த பெயர்கள் வேறு. துருக்கர் என்னும் இனப்பெயர் 'துலுக்கர்' ஆயிற்று. அரபு நாட்டையோ துருக்கியையோ கண்டறியாத தமிழ் முஸ்லிமும் துலுக்கரே! தருமபுரிப் பக்கத்து நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் துலுக்கச் சாமந்தியும் அப்படித்தான். அதன் தாயகம் மெக்சிகோ.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கும்பினியார் நாவில் நாம் 'மூர்' எனவும் 'முகமதன்' எனவும் வழங்கப்பட்டோம். பின்னது கொள்கைப் பிழையுடைய பெயர். கிறிஸ்துவை வழிபடுவோர் கிறிஸ்தவர் என்பதுபோல, முகம்மது நபி (ஸல்) அவர்களை வணங்குவோர் நாம் என்று அது எண்ணச் செய்கின்றது. நபிகள் நாயகமோ தம்மை இறைவனின் அடியார் என்றே கூறிக்கொண்டார்கள்.

வியப்பு யாதெனில், நம்மவரும் அப்பெயரை ஏற்றனர் என்பதே! சர் சையத் அகமது கான் 1875இல் அலிகாரில் தொடங்கிய கல்விக்கூடம் 'முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி'யாக வளர்ந்தது. 1920இல்தான் அது முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 'முஸ்லிம்' என்றே எழுதிற்று. எனினும், முல்லா எழுதிய புகழ்பெற்ற சட்டநூல் இன்றும் 'முகமதன் சட்டம்' என்ற தலைப்புடனேயே அச்சாகின்றது. நம் பிள்ளைகளும் சட்டக் கல்லூரிகளில் அதைத்தான் படிக்கின்றனர்.