கரடியனாற்று வளிமண்டலத்தில் அயனாக்கம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடி–பதுளை வீதியில் உள்ள கரடியனாறு, புவியின் காந்த மத்தியகோட்டுக்கு மிக அண்மையில் இருக்கிறது. விண்வெளித் துகள்கள் இவ்வூர் வளியை எவ்வளவு அயனாக்குகின்றன என்பதைத் தீர்மானிப்பது இந்த அமைவிடமே. அண்டக் கதிர்களில் பெரும்பாலானவை புரோத்தன்கள். அவை மேல்வளியில் நைதரசன், ஒட்சிசன் கருக்களோடு மோதும்போது பிறக்கும் துகள்களுள் மியுவோன்கள் நிலம்வரை வந்து சேரும். வழிநெடுக மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து அயன் சோடிகளை உண்டாக்கும். ஒரு சோடிக்கு ஏறத்தாழ 35 இலத்திரன்வோற்று செலவாகும். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீற்றருக்கு மேல் ஏறி, உயரத்தோடு அயனாக்கம் கூடுவதைக் கண்டார். அது உச்சம் தொடுவது 15 முதல் 20 கிலோமீற்றர் உயரத்தில்.

அந்த உச்சம் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. காந்த மத்தியகோட்டருகே புலக்கோடுகள் கிடையாகச் செல்வதால், மேலிருந்து இறங்கும் துகள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும்; போதிய ஆற்றல் இல்லாதவை திருப்பிவிடப்படும். ஊட்டியில் இந்தத் தடையின் அளவு ஏறத்தாழ 17 கிகாவோற்று. கரடியனாற்றிலும் நிலைமை அதையொத்ததே. ஞாயிற்று வெடிப்புகள் உமிழும் புரோத்தன்களில் மிகப் பெரும்பாலானவை 1 கிகா இலத்திரன்வோற்றையே எட்டுவதில்லை. துருவ வானை அயனாக்கும் அத்துகள்களுக்கு இங்கே வழியில்லை. ஜாவாவுக்கும் ஒல்லாந்துக்கும் இடையிலான கப்பற்பயணங்களில் யாக்கோப் கிளே 1927இல் கண்டது, மத்தியகோட்டருகே அண்டக் கதிர்கள் குறைவதை; அதுவும் இந்தத் தடையின் விளைவுதான். பகலில் 100 கிலோமீற்றருக்கு மேலே இவ்வூர் வானைச் சூரியன் வலுவாக அயனாக்குவது உண்மை. ஆனால் அது புற ஊதா, எக்ஸ் கதிர்களின் வேலை, துகள்களுடையதன்று.

காந்தப் புயலில் தடை தளராதா என்று கேட்கலாம். தளரும். 2015 ஜூன் 22 அன்று ஊட்டியின் கிரேப்ஸ்-3 கருவி சுமார் 2 மணி நேரம் மியுவோன் மிகுதியைப் பதிவுசெய்தது. ஆயினும் தடை குறைந்தது சில சதவீதமே. உள்ளே வந்தவையும் ஞாயிற்றுத் துகள்களல்ல, விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த அண்டக் கதிர்கள். 1956 பெப்ரவரி 23 வெடிப்பு மத்தியகோட்டருகேயும் உணரப்பட்டது. அது மிக அரிதான விதிவிலக்கு. அண்டக் கதிர்களின் அயனாக்கமே மின்னலைப் பெருக்குகிறது என்ற வாதம் இன்னும் வலுவற்றது. அப்படியானால் மின்னல் துருவங்களில் மிகவேண்டும். உலகின் மின்னலில் பெரும்பகுதி விழுவதோ அயனாக்கம் குறைந்த வெப்பவலயத்தில். வெப்பமும் ஈரக்காற்றின் எழுச்சியுமே அங்கு முதற்காரணம்.

நிலமட்டத்தில் கணக்கு மாறுகிறது. வயல்மண்ணிலிருந்து கசியும் ரேடன் வாயுவும் மண்ணின் கதிர்த்தொழிற்பாடும் அண்டக் கதிர்களைவிட அதிக அயன்களை உண்டாக்கும். திறந்த கடலின்மேல் அண்டக் கதிர்களே பிரதான மூலம். வடகீழ்ப் பருவக்காற்று ரேடன் குறைந்த வங்கக்கடல் வளியைக் கொண்டுவரும். நீர் தேங்கிய மண்ணும் ரேடனை எளிதில் வெளிவிடாது. ஆகவே மாரிமழைக் காலத்தில் கரடியனாற்று வயல்வெளிகளின் அயனாக்கத்தில் அண்டக் கதிர்களின் பங்கு உயரும் என்று எதிர்பார்க்கலாம்.