பிறந்த குழந்தைக்கும் பாவம் உண்டா?

மனிதர் எல்லோரும் பிறவியிலேயே பாவிகள், கடவுளின் கிருபை இல்லாமல் யாருக்கும் இரட்சிப்பு கிடையாது. சர்ச்சில் சாதாரணமாகக் கேட்கும் போதனைதான் இது. ஆனால் இது ஒரே நாளில் முடிவான விஷயம் அல்ல. இதற்காக இரண்டு பேர் மோதிக்கொண்ட கதை சுவாரஸ்யமானது.

ஒருவர் அகஸ்டின். கி.பி. 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர், பிறகு ஹிப்போ நகரின் பிஷப் ஆனவர். 16 வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பசிக்காகத் திருடவில்லை. அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் வீசினார்கள். பிறகு ஏன் திருடினார்? தப்பு செய்வதே இனித்தது! மனித மனம் அடியிலேயே கெட்டுப்போயிருக்கிறது, அது தானாகத் திருந்தாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இன்னொருவர் பெலேஜியஸ். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. "நான் பலவீனன், என்ன செய்வது?" என்று சாக்குச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா என்று கேட்டார். ஆதாமின் பாவம் ஆதாமோடு போயிற்று, ஒவ்வொருவரும் தன் செயலுக்கு மட்டுமே பொறுப்பு என்பது அவர் கட்சி.

410-ல் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. அந்தச் சமயத்தில் பெலேஜியஸ் வட ஆப்பிரிக்கா வழியாகப் பாலஸ்தீனம் போனார். விவாதமும் கூடவே பரவியது. 415-ல் பாலஸ்தீனத்தில் கூடிய ஆயர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். 418-ல் கார்த்தேஜில் கூடியவர்களோ அவர் போதனையைக் கண்டித்தார்கள். அதே ஆண்டு பேரரசர் ஹொனோரியஸ் பெலேஜியஸை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். ஆக, வென்றது வாதம் மட்டும் அல்ல, அரசு அதிகாரமும்தான்.

இதில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ரோமர் 5:12-ஐ அகஸ்டின் லத்தீனில் படித்தார். அதில் எல்லோரும் ஆதாமுக்குள் பாவம் செய்ததாகப் பொருள் வந்தது. கிரேக்க மூலத்திலோ எல்லோரும் பாவம் செய்தபடியால் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கிறார்கள். கிரேக்கம் படித்த கிழக்குத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து மரணம் வந்தது என்றன. அவன் குற்றமும் வந்தது என்பதை ஏற்கவில்லை.

சரி, ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை? அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார் அகஸ்டின். குழந்தையை இழந்த எத்தனை தாய்மார்களை அந்தப் பதில் வதைத்திருக்கும்! அப்படிப்பட்ட குழந்தைகளும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு என வத்திக்கானின் இறையியல் ஆணையம் சொன்னது 2007-ல்தான்.

ஆனாலும் பெலேஜியஸ் சொன்னதுதான் இரக்கமானது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. எல்லாம் உன் முயற்சி என்றால், தோற்றவனுக்கு ஆறுதல் ஏது? அகஸ்டின் வழியில் தோற்றவனுக்கும் கிருபை உண்டு. அந்தக் கிருபையைப் பிடித்துக்கொண்டுதான் 1517-ல் அகஸ்டின் பெயரிலான சபையைச் சேர்ந்த துறவி மார்ட்டின் லூதர் ஐரோப்பாவையே புரட்டிப்போட்டார்.

மனிதனால் தானாகத் திருந்த முடியுமா, முடியாதா? 1600 ஆண்டுகள் ஆகியும் அந்த வழக்கு முடியவில்லை.