ஈர்ப்பு செய்யாத வேலை

2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கையின் இராவணா-1 செய்மதி விடுவிக்கப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிறு பெட்டி அது. அச்செய்திக்கு, "புவியீர்ப்பிலிருந்து விடுபட்ட செய்மதி" என்று நான் தலைப்பிட்டேன். மறுநாள் ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, விடுபட்டிருந்தால் அது நம் தலைக்கு மேல் மறுபடி ஏன் வருகிறது?"

பல்லாண்டுகள் செய்தி எழுதியவனிடம் பதில் இருக்கவில்லை. 400 கிலோமீற்றர் உயரத்திலும் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 வீதம் இருக்கிறது என்றார். ஆயினும் வட்டப்பாதையில் செல்லும் செய்மதியின் மீது அது வேலை எதுவும் செய்வதில்லை என்று அவர் தொடர்ந்தபோது என் குழப்பம் இரட்டித்தது.

"வேலை" என்பதற்கு இன்றைய பௌதிகவியல் பொருளைத் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ், ஆண்டு 1829. இயந்திரங்களின் பயனை அளப்பதே அவர் நோக்கம். ஆசிரியரோ தோட்டத்திலிருந்தே விளக்கினார். கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏறும் பெண்ணுக்கு எதிராக ஈர்ப்பு வேலை செய்கிறது. இறங்குகையில் அவள் பக்கம் நின்று செய்கிறது. மலையைச் சுற்றிச் செல்லும் மட்டமான பாதையிலோ கூடை ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஈர்ப்பு செய்த வேலை பூச்சியம். (அவள் களைப்பு பூச்சியமன்று. கொரியோலிஸின் கணக்கிலும் கணக்கப்பிள்ளையின் கணக்கிலும் அந்த நடைக்கு இடமில்லை.) செய்மதியும் அவ்வாறே. ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கி இழுக்க, அது குறுக்கே செல்கிறது. திசை திரும்புகிறது, வேகம் மாறுவதில்லை.

எல்லாச் செய்மதிகளுக்கும் வட்டப்பாதை வாய்ப்பதில்லை. 1957 ஒக்டோபர் 4இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக்-1, பூமியிலிருந்து 215 கிலோமீற்றருக்கும் 939 கிலோமீற்றருக்கும் இடையே ஏறி இறங்கியது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறித் திரும்புவோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஈர்ப்பு பறித்ததை இறக்கத்தில் திருப்பித் தருகிறது. உச்சியில் செக்கனுக்கு 7.2 கிலோமீற்றராக இருந்த வேகம், தாழ்ந்த புள்ளியில் 8 கிலோமீற்றரானது. ஒரு சுற்று முடிந்தால் மொத்த வேலை மீண்டும் பூச்சியம்.

அப்படியானால் ஸ்புட்னிக் 92 நாட்களில் எரிந்து விழுந்தது ஏன்? குற்றவாளி, அந்த உயரத்திலும் மிஞ்சியிருக்கும் மெல்லிய காற்று. உராய்வில் சக்தியை இழந்து செய்மதி தாழ்கிறது. தாழத் தாழத்தான் ஈர்ப்பு உண்மையிலேயே வேலை செய்யத் தொடங்குகிறது. உராய்வு தடுக்கும்போதே வேகம் கூடுகிறது என்பதை நம்ப எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பத்திரிகையில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டோம். "விடுபட்ட" என்பது "கட்டுண்ட" என்று மாறியது.