உருவகமும் வரலாறும்: திருமறையை வாசித்த இரு பள்ளிகள்

கிறித்தவர்களின் வேதாகமத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கான பழைய ஏற்பாடு, கிறித்தவம் தோன்றுவதற்கு முன்பே யூதர்களின் திருநூலாக இருந்தது; இன்றும் அப்படியே இருக்கிறது. விருத்தசேதனம், பலி, உணவு விலக்கு, கானான் நாட்டுப் போர்கள், அரச குடும்பத்துப் பூசல்கள் ஆகியவற்றைப் பேசும் அந்நூல்களை, அச்சட்டங்களைக் கைக்கொள்ளாத ஒரு சமூகம் எந்த உரிமையில், எந்தப் பொருளில் தன் வழிபாட்டில் வாசிப்பது என்ற கேள்வியிலிருந்தே கிறித்தவ மறைநூல் விளக்கம் ஒரு துறையாக வளர்ந்தது. கருங்கடற்கரை ஊரொன்றிலிருந்து உரோமைக்கு வந்த மார்கியோன் அதற்கு மிக எளிய விடை தந்தார்: பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு, ஆகவே அந்நூல்கள் அனைத்தையும் விட்டுவிடலாம் என்பது அவர் கொள்கை. லூக்காவின் நற்செய்தியைத் தாம் திருத்திய வடிவிலும், பவுலின் நிருபங்களில் பத்தையும் மட்டுமே அவர் ஏற்றார். 144ஆம் ஆண்டில் உரோமைச் சபை அவரை விலக்கியது. ஆனால் நூல்களைக் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தவர்கள் அவற்றுக்குப் பொருள் சொல்லியாக வேண்டிய கட்டாயத்துக்கும் உள்ளானார்கள்.

லியோன் நகர ஆயர் இரேனேயு 180ஐ ஒட்டி எழுதிய நூலில், வேத வசனங்களைத் தம் போக்கில் பிரித்துக் கோத்த ஞானவாதக் குழுக்களைச் சாடும்போது ஓர் உவமை சொல்கிறார். அரசனின் உருவமாகப் பதிக்கப்பட்ட வண்ணக் கற்களைப் பெயர்த்தெடுத்து, அதே கற்களால் நரியின் உருவத்தை அமைத்துவிட்டு, இதுவே அரசன் என்று காட்டுவதைப் போன்றது அவர்கள் செயல் என்கிறார். கற்கள் உண்மையானவையே, அடுக்குதான் பொய். சரியான அடுக்கை அறிவதற்கு அவர் காட்டிய துணை ‘விசுவாச ஒழுங்கு’ என்பதாகும். ஞானஸ்நானத்தின்போது ஒருவர் கற்றுக்கொள்ளும் நம்பிக்கைச் சுருக்கமான அது, எந்த வசனம் எதைக் குறிக்கிறது என்று சொல்வதில்லை. எந்தப் பொருளைச் சபை ஏற்காது என்பதற்கு மட்டும் எல்லை வகுக்கிறது. பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிகவும் பயன்படும்.

எல்லைக்குள் நின்று பொருள் காணும் முறையை விரிவாக வகுத்த முதல் நகரம் எகிப்தின் அலெக்சந்திரியா. ஹோமரின் காவியங்களில் தேவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டு கூசிய கிரேக்க அறிஞர்கள், அவற்றை இயற்கை ஆற்றல்களையோ நற்குணங்களையோ சுட்டும் உருவகங்களாகப் படிக்கும் வழக்கத்தை ஏற்கெனவே ஏற்படுத்தியிருந்தனர். அந்நகரத்து யூத அறிஞர் பிலோ, இயேசுவின் காலத்தையொட்டி, அதே முறையை மோசேயின் நூல்களுக்குப் பொருத்தினார். ஆபிரகாமின் பயணத்தை ஆன்மா புலன்களின் நாட்டை விட்டுப் புறப்படுவதாக விளக்கினார். ஆயினும் உட்பொருளை அறிந்துவிட்டதால் ஓய்வுநாளைக் கைக்கொள்ள வேண்டியதில்லை என்று எண்ணியவர்களை அவர் கண்டித்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

பிலோவின் வழியைக் கிறித்தவத்துக்குள் முழுமையாகக் கொண்டுவந்தவர் அதே நகரத்து அறிஞர் ஓரிகன் (ஏறத்தாழ 185 முதல் 253 வரை). ‘முதற்கோட்பாடுகள்’ என்ற தம் நூலின் நான்காம் பகுதியில், மனிதனுக்கு உடல், உயிர், ஆவி என மூன்று இருப்பது போலவே மறைநூலுக்கும் மூன்று நிலைகள் உண்டு என்கிறார். உடல் என்பது சொற்கள் நேராகத் தரும் பொருள். உயிர் என்பது ஒழுக்கத்துக்கு உதவும் பொருள். ஆவி என்பது கிறிஸ்துவையும் வரவிருக்கும் காரியங்களையும் பற்றிய மறைபொருள். சூரியன் படைக்கப்படுவதற்கு முன் மூன்று நாட்கள் எப்படி மாலையும் காலையுமாக அமைந்தன என்பது போன்ற முரண்களைக் கண்டு அவர் தயங்கவில்லை. வாசகன் மேற்பரப்பிலேயே நின்றுவிடாமல் ஆழம் தேட வேண்டும் என்பதற்காகவே அத்தகைய இடறல்கள் நூலில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர் விளக்கம்.

இதைக் கொண்டு ஓரிகனை எழுத்தை மதிக்காதவர் என்று கருதினால் அது பெரும் பிழையாகும். எபிரேய மூலத்தையும், அதன் கிரேக்க எழுத்துப்பெயர்ப்பையும், நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதி ஒப்பிட்ட ‘ஹெக்சப்லா’ என்னும் மாபெரும் தொகுப்பு அவருடையதே. அவருக்காக அம்புரோஸ் என்ற செல்வர் ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தாளர்களையும், படியெடுப்போரையும், அழகெழுத்தில் பயிற்சி பெற்ற பெண்களையும் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் யூசேபியு பதிவு செய்கிறார். எழுத்தெழுத்தாகப் பாடத்தைச் சரிபார்த்த ஒருவரே அதைத் தாண்டிச் செல்லவும் துணிந்தார்.

அவருடைய முறை செயல்படும் விதத்தை நல்ல சமாரியன் உவமைக்கு அவர் தரும் விளக்கத்தில் காணலாம். தமக்கு முந்திய மூப்பர் ஒருவரின் கருத்து என்றே அதை அறிமுகம் செய்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்பவன் ஆதாம்; எருசலேம் பரதீசு, எரிகோ இவ்வுலகம்; கள்வர்கள் பகைமை கொண்ட சக்திகள்; விலகிப்போகும் ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள்; சமாரியனே கிறிஸ்து; சத்திரம் திருச்சபை; திரும்பி வருவேன் என்ற வாக்கு இரண்டாம் வருகை. கதையில் ஒரு துரும்பும் வீணாகவில்லை. உன்னதப்பாட்டு என்னும் காதற்பாடலைக் கிறிஸ்துவுக்கும் சபைக்கும், தெய்வ வார்த்தைக்கும் தனி ஆன்மாவுக்கும் இடையிலான உரையாடலாக அவர் விளக்கிய உரையைப் பற்றி, மற்ற நூல்களில் பிறரை வென்ற ஓரிகன் இதில் தம்மையே வென்றுவிட்டார் என்ற கருத்தை இலத்தீன் மறைநூல் அறிஞர் ஜெரோம் எழுதினார். பிற்காலத்தில் ஓரிகனைக் கடுமையாக எதிர்த்தவரும் இதே ஜெரோம்தான்.

சிரியாவின் அந்தியோகியாவில் நான்காம் நூற்றாண்டில் எழுந்த எதிர்ப்பு இந்தத் தாராளத்தை நோக்கியது. தர்சு நகர ஆயர் தியோதோர், அவருடைய மாணவர்களான யோவான் கிறிசோஸ்தோம், மொப்சுவெஸ்தியா ஊரின் ஆயர் தெயதோர் ஆகியோர், நூல் சொல்லும் நிகழ்ச்சியின் உண்மையை அழித்துவிட்டு மேலே ஏறக்கூடாது என்றனர். நிகழ்ச்சியை நிலைநிறுத்திய பின் அதிலேயே உயர்ந்த பொருளைக் காண்பதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தியோரியா’, அதாவது ஆழ்நோக்கு. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆகார், சாராள் கதையை உருவகம் என்று குறிப்பிடுவது எதிர்த்தரப்பின் வலுவான சான்றாக இருந்தது. ஆகாரும் சாராளும் உண்மையில் வாழ்ந்தார்கள் என்பதை வைத்தே பவுல் அந்த ஒப்புமையைக் கட்டினார், வரலாற்றை நீக்கவில்லை என்று தெயதோர் மறுமொழி கூறினார். கிறிசோஸ்தோமோ, மத்தேயு நற்செய்தி பற்றிய பிரசங்கம் ஒன்றில், உவமைகளின் ஒவ்வொரு சொல்லையும் துருவ வேண்டியதில்லை, உவமை எந்த நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதோ அதைப் பற்றிக்கொண்டால் போதும் என்று கேட்போருக்கு அறிவுறுத்துகிறார். சத்திரக்காரன் யார் என்ற கேள்விக்கு இந்த வாசிப்பில் இடமில்லை.

தெயதோர் இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். சங்கீதங்களுள் மிகச் சிலவே கிறிஸ்துவை நேராகச் சுட்டுகின்றன என்றும், மற்றவை தாவீதின் காலத்தையோ எசேக்கியா, மக்கபேயர் காலங்களையோ பற்றியவை என்றும் கொண்டார். சிலுவையில் இயேசு எடுத்துரைத்த 22ஆம் சங்கீதம்கூட அவர் பார்வையில் முதலில் தாவீதின் துயரத்தைப் பற்றியதே. ஆயினும் யோனாவின் வரலாறு கிறிஸ்துவின் முன்னடையாளம் என்பதை அவர் ஏற்றார். ஆகவே ஒரு பள்ளி உட்பொருளைத் தேடியது, மற்றது சொற்பொருளோடு நின்றது என்று பாடநூல்கள் போடும் கோடு அவ்வளவு நேரானதல்ல. பிரான்சஸ் யங் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாட்டின் வேரைக் கிரேக்கக் கல்வி முறையில் காட்டினார்: அலெக்சந்திரியர் தத்துவப் பள்ளிகளின் பழக்கத்தையும், அந்தியோகியர் சொற்பொழிவுப் பள்ளிகளின் பழக்கத்தையும் பின்பற்றினர். சொல்லணி ஆசிரியர் லிபானியுவிடம் கிறிசோஸ்தோம் பயின்றதை நினைத்தால், எடுத்துக்கொண்ட பனுவலின் தொடர்ச்சியும் நோக்கமும் குலையக்கூடாது என்ற அக்கறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். பழைய ஏற்பாடு கிறிஸ்துவில் நிறைவடைகிறது என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. கதையை விட்டு எப்போது கிளம்பலாம் என்பதில்தான் பிணக்கு.

எந்தப் பள்ளி வென்றது என்று கேட்போருக்கு 553ஆம் ஆண்டு விந்தையான விடை தருகிறது. பேரரசர் ஜஸ்தினியன் கூட்டிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கம், இறந்து 125 ஆண்டுகள் ஆகிவிட்ட தெயதோரையும் அவர் நூல்களையும் சபித்தது. அதே சங்கத்தின் சாபப் பட்டியலில் ஓரிகனின் பெயரும் இடம்பெற்றது. இருவரையும் வீழ்த்தியது வாசிப்பு முறை மட்டுமல்ல. கிறிஸ்துவின் தெய்வ இயல்பும் மனித இயல்பும் பற்றித் தெயதோர் கற்பித்ததும், ஆன்மாக்களின் முன்னிருப்பு பற்றி ஓரிகனின் பெயரால் வழங்கியதுமே முதன்மையான குற்றங்கள். சங்கீதங்களையும் உன்னதப்பாட்டையும் தெயதோர் படித்த விதம் அவற்றோடு சேர்த்து அடுக்கப்பட்டது. இரேனேயு வகுத்த எல்லைக்கு அப்பால் சென்றதாகக் கருதப்பட்டவர் எந்த வழியில் சென்றார் என்பது இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

சபிக்கப்பட்ட நூல்கள் மறைந்துவிடவுமில்லை. ஓரிகனின் உரைகள் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மேற்கின் மடங்களில் தொடர்ந்து வாசிக்கப்பட்டன. பவுலின் சிறு நிருபங்களுக்குத் தெயதோர் எழுதிய உரை, மிலான் ஆயர் அம்புரோசின் பெயரில் இலத்தீனில் பிழைத்தது. இந்தத் தவறான முகவரி அதற்குப் பாதுகாப்பாக அமைந்தது எனலாம். பாரசீக ஆட்சியின் கீழிருந்த கீழைச் சிரியத் திருச்சபையோ அவரை வெளிப்படையாகவே போற்றியது. எதேசா நகரப் பள்ளி 489இல் மூடப்பட்ட பின் நிசிபிசில் செழித்த பள்ளியில், ‘விளக்கவுரையாளர்’ என்ற பட்டமே தெயதோரைக் குறித்தது. அத்திருச்சபையின் சிரிய வழிபாட்டு நூல்கள் மலபார்க் கரைத் தோமா கிறித்தவர்களிடமும் வழங்கியதால், அந்தப் பழைய வழக்கு கடல் கடந்து வந்தது: 1599இல் கோவாவின் பேராயர் மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், தெயதோரின் பெயரால் வழங்கிய நற்கருணை மன்றாட்டையும் நீக்க ஆணையிட்டது.

மேற்கில் நிலவிய இணக்கம் பெரிதும் அகுஸ்தீனாரால் உருவானது. 396ஐ ஒட்டித் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குப் பின் முடித்த ‘கிறித்தவப் போதனை பற்றி’ என்ற நூலில், தெளிவான பகுதிகளைக் கொண்டு இருண்ட பகுதிகளை விளக்க வேண்டும், மூலமொழிகளைக் கற்க வேண்டும் என்ற நெறிகளோடு, கடவுள்மீதும் பிறர்மீதும் அன்பை வளர்க்காத எந்த விளக்கமும் நூலைப் புரிந்துகொண்டதாகாது என்ற அளவுகோலையும் வைத்தார். தாம் எதிர்த்த தொனாத்துப் பிரிவைச் சேர்ந்த திக்கோனியுவின் ஏழு விதிகளையும் அதில் சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. அவர் காலத்தவரான யோவான் காசியான், எருசலேம் என்ற ஒரே பெயர் வரலாற்றில் யூதர்களின் நகரையும், உருவகத்தில் திருச்சபையையும், ஒழுக்க நோக்கில் ஆன்மாவையும், மறுமை நோக்கில் வானக நகரையும் குறிக்கும் என்று காட்டிய நான்கு பொருள் முறை, இடைக்காலம் முழுவதும் பாடமாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இந்த நான்கையும் ஏற்று, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கை விதித்தார்: கோட்பாட்டை நிறுவச் சொற்பொருளை மட்டுமே சான்றாகக் கொள்ளலாம், விசுவாசத்துக்குத் தேவையான எதுவும் வேறோர் இடத்தில் சொற்பொருளாகவே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். அந்தியோகியாவின் வற்புறுத்தலில் ஒரு பங்கு தெயதோரின் பெயரின்றியே இவ்வாறு மேற்கின் விதியாயிற்று. சீர்திருத்தக் காலத்தில் இதே கேள்வி மீண்டும் கொதித்தபோது, திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று, விசுவாசமும் ஒழுக்கமும் சார்ந்தவற்றில் திருச்சபைத் தந்தையரின் ஒருமித்த கருத்துக்கு மாறாக எவரும் வேதத்துக்குப் பொருள் கூறக்கூடாது என்று ஆணையிட்டது. அந்தத் தந்தையருள் ஓரிகனை எந்த அளவுக்கு எண்ணுவது, தெயதோரை எண்ணவே கூடாதா என்பதை அந்த ஆணை சொல்லவில்லை.