சுவடும் வாக்குறுதியும்: பணிசெயல் முறைமைகளின் அவதானிப்பு இடைமுகங்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஓர் இடைமுகத்தின் நிலைபேறு வெறும் தொழினுட்பப் பிரச்சினையே எனக் கொள்ளும் போக்கு கணனித்துறை எழுத்துக்களிற் பரவலாகக் காணப்படுகின்றது. கருவியை ஆக்குவோருக்கும் அக்கருவியை நம்பித் தொழில் செய்வோருக்கும் இடையிலான உறவு அந்நோக்கில் மறைந்துபோகின்றது. அவ்வுறவை லினக்ஸ் முறைமையின் வரலாற்றுக் கட்டங்கள் சிலவற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

பிரயோக மென்பொருளை ஆக்குபவருக்குப் பணிசெயல் முறைமையின் உட்கரு மூடுண்டவோர் உலகம். தம் நிரல் ஏன் தாமதிக்கின்றது, செயலி எப்பொழுது வேறொரு பணிக்குக் கையளிக்கப்பட்டது என்பனவற்றை அறிய வேண்டின், உட்கருவுக்குள்ளேயே அவதானிப்பு நிலைகள் அமைக்கப்பட வேண்டும். லினக்ஸில் 2008இல் வந்த 2.6.28ஆம் பதிப்பு சுவட்டுப்புள்ளிகளை அறிமுகஞ் செய்தது. ஆயின், உட்கருவின் உள்ளமைப்பு ஓயாது மாறுவது. அதனைக் காட்டுஞ் சாளரமோ மாறாதிருக்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுவது. முரண்பாடு இங்குதான் தோற்றம் பெறுகின்றது.

சன் நிறுவனம் 2005இல் சோலாரிஸ் 10உடன் வெளியிட்ட டீ-ட்ரேஸ் இம்முரண்பாட்டை முன்கூட்டியே எதிர்கொண்டது. அவதானிப்புக் கூறுகளுக்கு நிலைபேற்று அடையாளங்கள் வழங்கப்பட்டன: இது நிலையானது, இது மாறிவருவது, இது எமக்கே உரியது என்றவாறு. விற்போன் வாங்குவோனுக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தின் இயல்பு அதிலே தெளிவாகத் தெரிகின்றது. லினக்ஸில் அத்தகைய ஒப்பந்தம் எதுவுமில்லை. உட்கருவின் உள்ளே எதனையும் மாற்றலாம்; பயனரின் நிரலை மட்டும் முறிக்கலாகாது என்பதே லினஸ் டோர்வால்ட்ஸ் வலியுறுத்திவந்த விதி. வாக்குறுதி எழுத்திலன்றிப் பயன்பாட்டிலேயே பிறக்கின்றது என்பது இதன் உட்பொருள்.

இதன் விளைவை 2011ஆம் ஆண்டு நிகழ்வு துலக்கமாகக் காட்டும். பல செயலிகளைக் கையாளும் பொருட்டு 1996இல் 2.0ஆம் பதிப்பிற் புகுத்தப்பட்ட 'பெரும் பூட்டு' 2.6.39ஆம் பதிப்புடன் முற்றாக நீக்கப்பட்டது. ஒவ்வொரு சுவட்டுப் பதிவிலும் அப்பூட்டின் ஆழத்தைக் குறிக்கவென 4 பைற் இடம் இருந்தது. பூட்டே ஒழிந்தபின் அவ்விடம் எதற்கு என அதனையும் நீக்கினர். உடனே, மின்சக்தியை வீணாக்கும் நிரல்களைக் கண்டறிய இன்டெல் பொறியாளர் உருவாக்கிய பவர்டொப் பழுதடைந்தது. பதிவின் ஒவ்வொரு புலமும் எங்குள்ளது என்பதை உட்கரு ஒரு விவரணக் கோப்பிலே தந்திருந்தது. பவர்டொப் அதனை வாசியாது, இடங்களைத் தானாகவே உறுதியெனக் கொண்டிருந்தது. தவறு யாருடையது என்பதில் ஐயமில்லை. எனினும் விட்டுக்கொடுத்தது உட்கருவே. இறந்துபோன பூட்டுக்கென 4 வெற்றுப் பைற்றுக்கள் மீண்டும் ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற்றன. பவர்டொப் திருந்திய பின்னரே, காலந்தாழ்த்தி, அவை அகற்றப்பட்டன.

இதனைப் பயனரின் வெற்றியெனக் கொள்வது எளிது. நான் அவ்வாறு கொள்ளத் தயங்குகிறேன். என்றென்றைக்குமான கடப்பாட்டுக்கு அஞ்சிய பராமரிப்பாளர் பலர் புதிய சுவட்டுப்புள்ளிகளை அனுமதிக்கவே மறுத்தனர். கோப்பு முறைமைகளுக்குப் பொதுவான அடுக்கைப் பேணும் அல் வைரோவின் மறுப்பு நன்கறியப்பட்டது. பணி ஒழுங்கமைப்புப் பகுதியில் 2019இல் 5.3ஆம் பதிப்பு ஒரு நடுவழியைக் கண்டது: புள்ளி உண்டு, ஆனால் பயனர் வெளிக்கு அது நிகழ்வாக வெளிப்படாது, வேண்டுவோர் உட்கருக் கூறொன்றை எழுதி அதனோடு இணைத்துக்கொள்ளலாம். அதாவது, சாளரம் திறந்திருக்கின்றது, ஏணியை நீரே செய்துகொள்ளும் என்பது. ஏணி செய்ய வல்லவர் யாவர் என்ற வினா எழுப்பப்படவில்லை.

பீ-பீ-எப் என்னும் பொறிமுறை வந்தபின் அவ்வினா தவிர்க்கவியலாததாயிற்று. சுவட்டுப்புள்ளிகள் நிலையான இடைமுகத்தின் பகுதியல்ல, மாற்றத்துக்கேற்ப நிரலாளரே தம் நிரலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என அதன் ஆவணம் ஐயத்துக்கிடமின்றி அறிவிக்கின்றது. 2021இல் 5.14ஆம் பதிப்பு, பணியின் நிலையைக் குறிக்கும் புலத்தின் பெயரை மாற்றியபோது, கருவி ஆக்குநர் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் தம் நிரலில் எழுதி வைக்க நேர்ந்தது. ஒருமுறை தொகுத்து எங்கும் இயக்கும் முறை, புலங்கள் இடம்பெயர்வதைத் தானே சரிசெய்யும்; பெயரும் பொருளும் மாறுவதை அதனால் அறிய இயலாது. பதிப்புத்தோறும் நிரலைச் சோதித்துத் திருத்தும் உழைப்பைப் பெரும் நிறுவனம் சம்பளத்துக்கு வாங்கிவிடலாம். தனியொருவராய் ஒரு கருவியைப் பேணும் ஆக்குநர் அதனைத் தம் ஓய்வுநேரத்திலிருந்தே கொடுக்கிறார்.

2022இல், செயலி ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் காட்டும் சுவட்டுப்புள்ளியின் அளவுருக்களுக்கு நடுவே புதியதொன்று செருகப்பட்டது. பீ-பீ-எப் நிரல்கள் தவறான தரவை வாசித்தன. ஆவணத்தின்படி முறையிட எவருக்கும் உரிமையில்லை. முறையீடு எழுந்தது, புதிய அளவுரு இறுதி இடத்துக்கு நகர்த்தப்பட்டது. அத்திருத்தத்தைக் கோரி அனுப்பியவர் பெரும் நிறுவனமொன்றின் பொறியாளர்.