மோட்டார் லேசர் ஷட்டர்

லேசர் கற்றையின் குறுக்கே ஒரு சிறு தகட்டை மோட்டாராலோ காந்தச் சுருளாலோ நகர்த்தி, ஒளியை மறிக்கவும் விடவும் உதவும் ஆய்வகக் கருவி. கடையில் கிடைத்தாலும் பல ஆய்வகங்கள் இதைச் சொந்தமாகவே செய்துகொள்கின்றன.

சுழலும் பொருளால் ஒளியை வெட்டும் உத்தி லேசரைவிட மூத்தது. 1849இல் பிரான்சில் இயற்பியலாளர் ஃபிசோ 720 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி, 8,633 மீட்டர் தொலைவிலிருந்த கண்ணாடிக்கு ஒளியை அனுப்பினார். நொடிக்கு 12.6 சுற்று வேகத்தில், திரும்பி வந்த ஒளியை அடுத்த பல் மறைத்தது. அதிலிருந்து ஒளியின் வேகத்தைக் கணக்கிட்டார். மைமன் 1960இல் முதல் லேசரான ரூபி லேசரை இயக்கிய சில ஆண்டுகளில், அதிவேக மோட்டாரில் சுழலும் பட்டகம் லேசருக்குள்ளேயே ஷட்டரானது. பட்டகம் நேர்கோட்டுக்கு வரும் கணத்தில் மட்டும், சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரே துடிப்பாக வெளியேறும்.

பின்னர் மின்சாரத்தாலும் ஒலியலையாலும் ஒளியைத் திருப்பும் பளிங்குகள் வந்தன. ஏ.ஓ.எம். எனப்படும் ஒலியலைப் பளிங்கு, ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் கற்றையை அணைத்துவிடும். அத்தோடு தகட்டு ஷட்டரின் காலம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அணுக்களைக் குளிர்வித்துப் பிடித்து வைக்க 1987இல் உருவான காந்த-ஒளிப் பொறியும், 1995இல் ரூபிடியம் அணுக்களில் எட்டப்பட்ட போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கமும் முழு இருட்டைக் கேட்டன. பளிங்கை அணைத்த பிறகும் சிதறிய ஒளி சிறிது கசியும். காந்தப் பொறியில் பல நொடிகள் காத்திருக்கும் குளிர்ந்த அணுக்களைச் சூடாக்கி விரட்ட அந்தக் கசிவே போதும். ஆகவே வேலை பங்கிடப்பட்டது: முதலில் பளிங்கு ஒளியைச் சட்டென்று அணைக்கும், சில மில்லிநொடிகளில் தகடு வந்து மறைக்கும். மறைத்த பின் பளிங்கை மீண்டும் ஓடவிடலாம். அது குளிர்ந்துபோய்க் கற்றை திசை மாறும் தொல்லையும் இல்லை.

கைவேலையின் சாமர்த்தியம் வேகத்தில் தெரிகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் தகடு 1 மி.மீ. கற்றையைக் கடக்க 100 மைக்ரோநொடி ஆகும். லென்ஸால் கற்றையை 0.1 மி.மீ. ஆக்கினால் 10 மைக்ரோநொடி போதும். அந்த வேகத்துக்கான உறுப்பு பழைய கணினியிலேயே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் படிப்பு முனையை நகர்த்தும் கை, வலுவான காந்தங்களுக்கிடையே அசையும் சுருளில் பொருத்தப்பட்டது. அதன் நுனியில் தகட்டை ஒட்டி ஷட்டராக்கும் முறையை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஷோல்டன் குழு 2004இல் வெளியிட்டது. எந்தத் தகடானாலும் 'டக்'கென்று நிற்கும்போது எழும் அதிர்வுதான் தலைவலி. அதே மேசையிலுள்ள டயோடு லேசரின் அதிர்வெண் பூட்டு அதில் கழன்றுவிடும். ரப்பர் திண்டு வைப்பார்கள். ஷட்டரை மேசையில் படாமல் தனியே நிறுத்துவதும் உண்டு.

ஒளியை மறிக்காமல் குறைக்க வேண்டுமானால், மோட்டாரில் அரை அலைத்தகட்டைப் பொருத்தி அதற்குப் பின்னே, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் துருவமுனைப்பியை வைப்பார்கள். அலைத்தகடு ஒரு பாகை திரும்பினால் ஒளி அதிரும் தளம் இரண்டு பாகை திரும்பும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டாரின் ஓர் எட்டு (ஸ்டெப்) 1.8 பாகை, பாதி வெளிச்சத்தில் நிற்கும்போது அந்த ஓர் எட்டே மொத்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மாற்றிவிடும். எட்டைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் நுண்எட்டு ஓட்டியோ பல்சக்கரமோ இல்லாமல் இது நுணுக்க வேலைக்கு உதவாது.

மறிக்கும் ஷட்டரைச் சொந்தமாகச் செய்வதும் தொடர்ந்தது: 2015இல் எம்.ஐ.டி.யின் வுலெடிச் குழு, சிறிய டி.சி. மோட்டாரும் முப்பரிமாண அச்சுமுறையில் செய்த கூடும் கொண்ட கையடக்க ஷட்டரை வெளியிட்டது.